எங்கட வளவுக்குள்ள ஒரு ஆனைக்கொய்யாக் கண்டைத் தப்ப வைக்கிறது

அவக்காடோ, பட்டர் ஃபுரூட், ஆனைக்கொய்யா எண்டு எந்தப் பேர் சொன்னாலும் மரம் ஒண்டுதான். கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கம் போய் வாறவை அங்க வீட்டுக்கு வீடு அது தன்பாட்டில காய்ச்சுக் கொட்டுறதைப் பாத்துட்டு, உந்த மலையிலயே உப்பிடிக் காய்க்குது எண்டால் எங்கட யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில எப்பிடி வரும் எண்டு நினைச்சு ஒரு கண்டை மடியில வைச்சு பஸ்ஸில கொண்டந்து நடுவினம். நானும் அப்பிடித்தான் நட்டன். முதல் கண்டு கார்த்திகை மழையோட போச்சு, ரெண்டாவது சித்திரை வெயிலோட போச்சு, மூண்டாவதுதான் நிண்டு பிடிச்சு இப்ப என்ர தலைக்கு மேல நிக்குது. ரெண்டைச் சாகடிச்ச அனுபவத்தில சொல்லுறன், கண்டைக் கவனிக்காமல் விட்டு நான் கொல்லேல்லை, மாமரத்தைக் கவனிக்கிற மாதிரிக் கவனிச்சுத்தான் கொண்டனான்.

மாமரத்துக்கு ஆணிவேர் கிடக்கு, அது எங்கட சுண்ணாம்புக்கல்லில வெடிப்பைத் தேடிப் பூந்து கீழ போய் தன்ர பாட்டைப் பாத்துக்கொள்ளும். கறுத்தக்கொழும்பானுக்கு முதல் ரெண்டு வருசம் தண்ணி ஊத்தினால் பிறகு ஆரும் திரும்பிப் பாக்கத் தேவையில்லை. ஆனைக்கொய்யா அப்பிடி இல்லை. அதின்ர சாப்பாட்டு வேர் முழுக்க மேல அரை அடி, ஒரு அடிக்குள்ளதான் பாய் விரிச்ச மாதிரி ஓடும், அந்த வேரிலயும் மற்ற மரங்களுக்கு இருக்கிற மாதிரி வேர்மயிர் பெரிசா இல்லை. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்காக் காடுகளில சருகு மெத்தைக்குக் கீழ வளந்து பழகின சாமான் அது. அந்த வேருக்கு ஈரமும் வேணும் காத்தும் வேணும், ஒரு நாள் முழுக்கத் தண்ணிக்குள்ள நிண்டாலும் மூச்சு முட்டும், ரெண்டு நாள் காஞ்சாலும் கருகும். எங்கட ஊரில ஐப்பசியில இருந்து மார்கழி வரைக்கும் ஒரேயடியா மழை, மாசியில இருந்து ஆவணி வரைக்கும் ஒரேயடியா காய்ச்சல், கீழ கல்லு, கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு. இனி எழுதுறதெல்லாம் அந்த மேலோட்டமான வேரை இந்த ரெண்டு பக்கத்தாலயும் காப்பாத்துற கதைதான்.

முதல்ல, எந்தக் கண்டு வைக்கிறது எண்டதைச் சொல்லுறன். பழத்தைச் சாப்பிட்டுட்டு கொட்டையில மூண்டு ஈர்க்குக் குச்சி குத்தி கிளாசில தண்ணிக்கு மேல வைச்சு முளைக்கப் பண்ணுறது பிள்ளையளுக்கு நல்ல விளையாட்டு, ஒரு மாசம், ஒண்டரை மாசத்தில முளைக்கும், வடிவாவும் இருக்கும். ஆனால் அது காய்க்க ஏழு, எட்டு வருசம், சிலது பத்துக்கு மேலயும் இழுக்கும், காய்ச்சாலும் தாய்மரத்துப் பழம் மாதிரி வரும் எண்டு ஒரு நிச்சயமும் இல்லை. ஒட்டுக்கண்டு எண்டால் மூண்டு நாலு வருசத்தில பூக்கும். அதால ஒட்டுக்கண்டே வாங்குங்கோ. கொட்டைக் கண்டு ஏற்கனவே வளந்து நிக்குது எண்டால் பிடுங்கி எறிய வேண்டாம், ஒட்டத் தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு நல்ல மரத்துக் கிளை ஒண்டை அதில ஒட்டலாம்.

எந்த இனம் எண்டதை ஒருத்தரும் கேட்கிறேல்லை, ஆனால் எங்கட ஊருக்கு அதுதான் முக்கியம். ஆனைக்கொய்யாவில மூண்டு குலம் கிடக்கு, மெக்சிக்கோக் குலம், குவாத்தமாலாக் குலம், மேற்கிந்தியக் குலம். முதல் ரெண்டும் மலைநாட்டுச் சாதி, குளிர் பிடிக்கும். மேற்கிந்தியம்தான் கரையோரத்து வெக்கையைத் தாங்கிறது, உப்பையும் சுண்ணாம்பு மண்ணையும் மற்ற ரெண்டையும் விடக் கூடத் தாங்கும், தெற்கு புளோரிடாவில எங்கட மாதிரியே சுண்ணாம்புக்கல்லு நிலத்தில அதைத்தான் வைக்கினம். பொலொக், சிமண்ட்ஸ் ரெண்டும் அந்தக் குலம். எல்லாரும் கேட்கிற ஹாஸ், கலிபோர்னியாவில தபால்காரரா இருந்த ருடோல்ப் ஹாஸ் எண்டவர் 1935இல காப்புரிமை எடுத்த மரம், அது குவாத்தமாலாவும் மெக்சிக்கோவும் கலந்தது, கடையில பழம் நல்ல விலை போகுது எண்டதுக்காக எங்கட வெக்கைக்குள்ள அதைக் கொண்டந்து நட்டு மல்லுக்கட்ட வேண்டாம் எண்டது என்ர அபிப்பிராயம். நேர்சரியில என்ன இனம் எண்டு தெரியாமல் நிண்டால் ஒரு இலையைக் கசக்கி மணந்து பாருங்கோ, பெருஞ்சீரக வாசம் வந்தால் அதில மெக்சிக்கோ ரத்தம் ஓடுது, மேற்கிந்திய இலையில அந்த வாசம் இராது. ஒட்டின மேல்கிளை மாத்திரம் இல்லை, கீழ இருக்கிற அடிக்கண்டும் மேற்கிந்தியமா எண்டு கேளுங்கோ, உப்பையும் சுண்ணாம்பையும் சமாளிக்கிறது அதின்ர வேர்தானே. நான் முதல் வாங்கின இடத்தில இதைக் கேட்க அந்த ஆள் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு "எல்லாம் ஒண்டுதான் அண்ணை" எண்டார். எல்லாம் ஒண்டில்லை.

கண்டு வாங்கேக்க உயரத்தைப் பாத்து மயங்காதேங்கோ. சின்னப் பையில நாலு அடி வளந்து நிக்கிற கண்டை விட ரெண்டு அடியில தண்டு தடிச்சு, ஒட்டு வடிவாப் பொருந்தி, இலை கரும்பச்சையா இருக்கிறது நல்லம். பைக்குக் கீழால வேர் வெளிய வந்து நிலத்தில ஓடியிருந்தால் விட்டிட்டு அடுத்ததை எடுங்கோ. பை மண் சளசள எண்டு சேறா இருந்து நாத்தம் அடிச்சாலும் வேண்டாம், ஏன் எண்டதைப் பிறகு சொல்லுறன்.

இடம். வளந்தால் இருபது, முப்பது அடி போற மரம், அதால வீட்டுச் சுவரில இருந்தும் கிணத்தில இருந்தும் இருபது அடியாவது தள்ளி வையுங்கோ. காலமை வெயில் நல்லா விழ வேணும், பின்னேரம் மூண்டு மணி வெயிலுக்கு மேற்குப் பக்கத்தில ஒரு மாமரமோ மதிலோ மறைப்பா இருந்தால் அதிஷ்டம். எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம், தண்ணி தேவைப்படுற எதையும் கொண்டுபோய் கிணத்தடியில நட்டு விடுவினம், வாழைக்கு அது சரி, வாழை சவர்க்காரத் தண்ணியையும் குடிச்சுக்கொண்டு குலை போடும், ஆனைக்கொய்யாவை அங்க வைச்சால் ஒரு வருசத்துக்குள்ள அழுகிப் போம். இன்னொண்டு, இடம் தெரிவு செய்ய முதல் ஒரு பெருமழை விட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு குடையையும் பிடிச்சுக்கொண்டு வளவைச் சுத்திப் பாருங்கோ, எங்க தண்ணி தேங்கி நிக்குது எண்டு தெரியும், அந்த இடத்தை மறந்திடுங்கோ. மழை இல்லாத காலத்தில எண்டால் ஒண்டரை அடி கிடங்கு ஒண்டு வெட்டி ரெண்டு தரம் தண்ணி நிரப்புங்கோ, ரெண்டாவது தரம் ஊத்தினது சில மணித்தியாலத்தில இறங்கினால் நல்லம், விடிய எழும்பிப் பாக்கவும் நிண்டால் கீழ கல்லுத் தட்டு கிடக்கு எண்டு அர்த்தம்.

உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம், இணுவில் பக்கத்துச் செம்மண் தண்ணியை நல்லா இறக்கும், ஆனால் சில வளவுக்குள்ள அலவாங்கால குத்தினால் ஒரு அடியில கல்லு "டங்" எண்டும். வடமராட்சி, தீவுப் பக்கத்து மணல் இன்னும் கெதியா இறக்கும், அதில பிரச்சினை ஈரம் நிக்காது. எந்த மண் எண்டாலும் என்ர ஒரே முறை மேடு. கிடங்கு வெட்டி அதுக்குள்ள நடுறதை விடுங்கோ. அஞ்சு அடி அகலத்துக்கு ஒண்டரை அடி உயரமா ஒரு மேடு கட்டி அதின்ர உச்சியில நடுங்கோ. மேல்மண் மூண்டு பங்கு, நல்லா உக்கின மாட்டெரு அல்லது கொம்போஸ்ட் ஒரு பங்கு, அவ்வளவுதான். எரு கூடினால் அது உக்கி இறங்க கண்டும் சேந்து தாழும், ஒரு வருசத்தில மேடு பள்ளமாப் போம். என்ர முதல் கண்டுக்கு நான் மூண்டு அடிக் கிடங்கு வெட்டி, அரை வண்டில் எருவும் பூவரசங்குழையும் போட்டுத் தாட்டு, மேல நட்டு, சுத்திவர வடிவாப் பாத்தியும் கட்டினன், அப்பா மாங்கண்டுக்குச் செய்யிறதைப் பாத்துப் பழகினது. கார்த்திகையில மூண்டு நாள் விடாத மழை, அந்தக் கிடங்கு ஒரு வாளி மாதிரித் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருந்துது, மார்கழி பிறக்க முதல் இலை எல்லாம் தொங்கிப் போச்சு. பச்சைக் குழையும் தண்ணியும் சேந்து கீழ புளிச்ச மணம் வந்துது, வேரைத் தோண்டிப் பாக்க கறுப்பா நூல் மாதிரி உரிஞ்சு வந்துது.

எப்ப நடுறது எண்டதில ஆக்களுக்குள்ள ரெண்டு கட்சி. மழை விட்ட பிறகு தையில நடலாம் எண்டு ஒரு கட்சி, வெள்ளப் பயம் இல்லை எண்டது அவையின்ர நியாயம், ஆனால் வேர் ஓட முதலே பங்குனி வெயில் வந்து நிக்கும். நான் புரட்டாதிக் கடைசி, ஐப்பசித் தொடக்கம் எண்ட கட்சி, மழை தொடங்கேக்க நட்டால் அஞ்சு மாசம் வேருக்கு அவகாசம் கிடைக்கும். மேடு கட்டினவைக்குத்தான் இது, மேடு கட்டாமல் ஐப்பசியில நட்டால் என்ர முதல் கண்டின்ர கதைதான்.

நடுற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் பைக்குத் தண்ணி ஊத்தி விடுங்கோ. நடேக்க பையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, பிளேட்டால ரெண்டு பக்கமும் நெடுக வெட்டி வாழைப்பழம் உரிக்கிற மாதிரி உரியுங்கோ, மண் கட்டி உடைய விடாதேங்கோ. அடியில வேர் வட்டமாச் சுத்தியிருந்தால் அந்தச் சுத்தை மாத்திரம் வெட்டி விடலாம். பையில எந்த மட்டத்தில மண் இருந்துதோ அதே மட்டம், ஒரு அங்குலம் உயந்து நிண்டாலும் குத்தமில்லை, தாழக் கூடாது, ஒட்டின இடம் ஒருக்காலும் மண்ணுக்குள்ள போகக் கூடாது. கையால அமத்துங்கோ, காலால மிதிக்காதேங்கோ.

ரெண்டு பக்கமும் தடி நட்டு பழைய சாரத்துத் துண்டால 8 மாதிரித் தளர்வாக் கட்டி விடுங்கோ, தண்டு கொஞ்சம் ஆட வேணும், ஆடினால்தான் தடிக்கும். தடிக்கு வேலிக் கதியால் முறிச்சு நடாதேங்கோ, நான் கிளுவந்தடி ரெண்டு நட்டன், கண்டு வேர் விட முதல் அது ரெண்டும் வேர் விட்டுத் தளிர்த்து நிண்டுது, பேந்து அதைப் பிடுங்கேக்க ஆனைக்கொய்யா வேரும் கிளம்பும் எண்ட பயத்தில அடியோட வெட்டி வெட்டி மாளேல்லை. காஞ்ச பனஞ்சிலாகை போதும்.

இனி வெயில். இந்த மரத்தின்ர பச்சைத் தோல் வெயிலில எரியும், ஆக்களுக்கு எரியிற மாதிரியே, தண்டில மேற்குப் பக்கம் மண்ணிறமா வெடிச்சு அங்கால பூஞ்சணம் பிடிக்கும். பெரிய மரம் தன்ர இலையால தனக்கு நிழல் குடுக்கும், கண்டுக்கு ஆர் குடுக்கிறது. மாசி பிறக்கேக்கயே மேற்கிலயும் தென்மேற்கிலயும் ரெண்டு கிடுகை நிமித்திக் கட்டுங்கோ, மேல ஒரு தென்னோலையைப் பந்தல் மாதிரி ஐதாப் போடுங்கோ. கிழக்குப் பக்கம் திறந்து இருக்கட்டும். அந்தக் கிடுகு வைகாசிக்குப் பிறகு சோளகத்துக்கும் உதவும், சோளகக் காத்து ஒரு நாள் அடிச்சால் இளந்தளிர் எல்லாம் பொரிச்ச பப்படம் மாதிரிப் போம். இதை முதல் வருசம் கட்டாயம், ரெண்டாம் வருசம் மேற்கை மாத்திரம் மறைச்சால் காணும். தண்டுக்கு வெள்ளைத் தண்ணிப் பெயின்ற் வாங்கி அதே அளவு தண்ணி கலந்து ஒட்டுக்கு மேல இருந்து முதல் கிளை வரை பூசலாம். சுண்ணாம்பு பூசச் சொல்லுவினம், அது மழையோட வழிஞ்சு வேரடிக்குத்தான் போம், எங்கட மண்ணில அது ஏற்கனவே காணும் காணும் எண்டு கிடக்கு. கீழ்க் கிளையளை அழகுக்கு எண்டு வெட்டாதேங்கோ, தண்டுக்கு நிழல் அதுதான். ஒட்டுக்குக் கீழ வாற முளையை மாத்திரம் கண்ட உடன கிள்ளுங்கோ.

சருகு பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்லுவன், ஏன் எண்டால் என்ர மூண்டாவது கண்டைக் காப்பாத்தினது சருகுதான் எண்டு நம்புறன். காலமை எழும்பி முத்தம் கூட்டி, மாவிலை, பலா இலை, வேப்பஞ்சருகு எல்லாத்தையும் மூலையில குவிச்சு நெருப்பு வைக்கிறது எங்கட ஊர் வழக்கம், அம்மாவும் அதைத்தான் செய்து கொண்டிருந்தா. அந்தச் சருகை அப்பிடியே கொண்டுபோய் கண்டைச் சுத்தி அரை அடி உயரத்துக்குப் போடுங்கோ, மேடு முழுக்க மூடட்டும், தண்டில இருந்து ஒரு சாண் மாத்திரம் வெறும் மண்ணா விடுங்கோ. ஒரு மாசம் கழிச்சு சருகை விலக்கிப் பாத்தால் கீழ வெள்ளை வேர் சருகுக்குள்ளயே ஏறி ஓடுறது தெரியும், அதைப் பாத்தால் விளங்கும் இந்த மரத்துக்கு என்ன பிடிக்கும் எண்டு. அதாலதான் அதைச் சுத்திக் கொத்தவோ மண்வெட்டியால செருக்கவோ கூடாது, புல்லைக் கையால பிடுங்குங்கோ. சாம்பல் மாத்திரம் போடாதேங்கோ, வாழைக்கும் தென்னைக்கும் போடலாம், இதுக்குக் காரம் கூடும். தும்புத்தூள் போடுறதெண்டால் ரெண்டு மூண்டு தண்ணியில ஊறவைச்சுப் பிழிஞ்சு போடுங்கோ, அதில உப்பு இருக்கும். கறையான் வந்து சருகைத் தின்னும், தின்னட்டும், தண்டில ஏறாமல் பாத்தால் சரி, அந்த ஒரு சாண் வெளி அதுக்கும்தான். கறையானை விடக் கோழி மோசம், ஒரு நாளில முழுச் சருகையும் கிளறி வேரையும் வெளிய எடுத்து வைச்சிடும், நான் பழைய மீன்வலையை மேல விரிச்சுக் கல்லு வைச்சன்.

தண்ணி. மழை இல்லாத நாளில நட்ட முதல் மூண்டு மாசம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா அஞ்சாறு லீற்றர், முதல் கோடைக்கு ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா பெரிய வாளியால ஒரு வாளி, ரெண்டாம் வருசம் கிழமைக்கு ரெண்டு தரம் ரெண்டு மூண்டு வாளி. இது கணக்குக்குச் சொல்லுறது, உண்மையான கணக்கு விரல்தான், சருகை விலக்கி நடுவிரலை மண்ணுக்குள்ள விடுங்கோ, நுனி குளிர்ந்தால் இண்டைக்கு வேண்டாம், காஞ்சு கிடந்தால் ஊத்துங்கோ. மணல் காணிக்காரர் கொஞ்சமாக் கொஞ்சமா அடிக்கடி ஊத்த வேணும். தண்டில ஊத்தாமல் இலை விரிஞ்ச வட்டத்துக்குக் கீழ ஊத்துங்கோ. மோட்டரைப் போட்டுட்டு ரி.வி. பாக்கப் போறது இந்த மரத்துக்குச் சரிவராது, என்ர மச்சான் அப்பிடித்தான் ஒரு கண்டைத் துலைச்சவன்.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள், அதே சாமான்தான் வேரடியிலயும் நாளுக்கு நாள் படியுது. அதோட உப்பும் சேந்தால் ஆனைக்கொய்யாவுக்கு ஆகாது, வீட்டுப் பழமரங்களுக்குள்ள உப்பை ஆகக் குறையத் தாங்கிறதில இதும் ஒண்டு. பழைய இலையளின்ர நுனி காய்ஞ்சு, மண்ணிறமா, ஓரத்தால உள்ளுக்கு ஏறிக்கொண்டு போனால் அது உப்பு. அப்ப ஆக்கள் காயுது எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பினம், அது உப்பை இன்னும் மேல்வேரிலயே சேர்க்கும். கோடையில மாசத்துக்கு ஒருக்கா வழக்கத்தை விட ரெண்டு மூண்டு மடங்கு ஒரேயடியா ஊத்தி உப்பைக் கழுவிக் கீழ இறக்குங்கோ, மேட்டில நட்டபடியால தண்ணி நிக்காது, பயப்பிடத் தேவையில்லை. மாரியில கூரைத் தண்ணியை ஒரு தாங்கியில பிடிச்சு வைச்சுப் பங்குனி, சித்திரையில குடுத்தால் அதை விட நல்ல மருந்து இல்லை. தண்ணியைச் சுத்தமாக்கிற ஆர்ஓ மெசின் வைச்சிருக்கிற வீடுகளில வெளிய தள்ளுற கழிவுத் தண்ணியை வீணாக்கக் கூடாது எண்டு மரத்துக்கு விடுவினம், அதில உப்பு இன்னும் செறிஞ்சு இருக்கும், இதுக்கு விடாதேங்கோ. கரையோரத்து ஆக்கள் ஆவணியில கிணத்துத் தண்ணியை வாயில வைச்சுப் பாருங்கோ, தேத்தண்ணி போட்டால் உவர்க்குது எண்டால் மனசைத் தேத்திக்கொண்டு ஒரு சப்போட்டா வையுங்கோ, அது உப்பைத் தாங்கும்.

பசளையில அவசரம் வேண்டாம். நட்டு புதுத்தளிர் ஒருக்கா வந்து முத்தின பிறகுதான் தொடங்க வேணும். முதல் வருசம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு நெருப்புப்பெட்டி அளவு கலப்புப் பசளை, தண்டில இருந்து ஒரு அடி தள்ளி சருகுக்குக் கீழ தூவி தண்ணி விடுங்கோ, அதோட உக்கின ஆட்டெரு ரெண்டு சிரட்டை. பச்சைக் கோழி எரு சுடும், உப்பும் கூட. பொட்டாசியத்துக்கு எம்ஓபி எண்டு கடையில தாறது குளோரைட், உப்பில பாதி அதுதான், இந்த மரத்துக்கு குளோரைட் இல்லாத சல்பேற் வகை, எஸ்ஓபி எண்டு கேட்டு வாங்குங்கோ, விலை கூட, ஆனால் ஒரு கண்டுக்கு எவ்வளவு வேணும். ஐப்பசி தொடக்கம் பெருமழை விடுமட்டும் ஒண்டும் போடாதேங்கோ, எல்லாம் கழுவிக் கிணத்துக்குத்தான் போம், எங்கட கிணறுகளில நைத்திரேற் ஏற்கனவே கூட எண்டது தெரிஞ்ச விசயம்.

இளந்தளிர் மஞ்சளாப் போய் நரம்பு மாத்திரம் பச்சையா வலை மாதிரித் தெரிஞ்சால் இரும்புக் குறைபாடு. மண்ணில இரும்பு இல்லாமல் இல்லை, எங்கட செம்மண்ணின்ர சிவப்பே இரும்புதான், ஆனால் காரத்தன்மை கூடின மண்ணில வேரால அதை உறிஞ்ச ஏலாது. மண்ணின்ர புளிப்பையும் காரத்தையும் காட்டுற பி.எச். அளவு இந்த மரத்துக்கு 5.5இல இருந்து 7க்குள்ள வேணும், எங்கட மண் கன இடத்தில அதைத் தாண்டி நிக்கும். அன்னபேதியை, அதுதான் இரும்புச் சல்பேற்றை, கரைச்சு ஊத்தினால் ரெண்டு நாளில அதுவும் மண்ணோட பிணைஞ்சு போம், காசுதான் வீண். விவசாய மருந்துக்கடையில செலேற்றட் அயன், அதிலயும் ஈடிடிஎச்ஏ எண்டு பெட்டியில எழுதினதாப் பாத்து வாங்கிக் கரைச்சு வேரடியில விடுங்கோ, காரமண்ணில வேலை செய்யிறது அந்த வகைதான். மற்றது, புதுத்தளிர் சிவப்பா, செப்பு நிறமாத் தொங்கிக்கொண்டு வரும், அது வருத்தம் இல்லை, ஒரு கிழமையில நிமிரும். அதைப் பாத்துப் பயந்து மருந்தடிச்ச ஆக்களை எனக்குத் தெரியும், அதில ஒருத்தர் நான்.

பயப்பிட வேண்டியது வேரழுகல். மண் ஈரமா இருக்கு, ஆனால் இலை வெளிறிச் சோந்து தொங்குது, புது இலை சின்னனா வருது, உச்சியில கிளை காயுது எண்டால் அதுதான். கனபேர் இந்த இடத்தில பிழை விடுவினம், இலை வாடினதைக் கண்டு இன்னும் ஒரு வாளி ஊத்துவினம். ஊத்த முதல் ஒரு பிடி மண்ணைக் கிளறி நுனிவேரைப் பாருங்கோ, வெள்ளை, கிறீம் நிறம் எண்டால் நல்ல வேர், கறுத்து நொருங்கினால் அழுகல். இதுக்குக் காரணம் பைற்றோப்தோரா எண்ட ஒரு கிருமி, 1922இல சுமாத்திராவில கறுவா மரத்திலதான் முதல் கண்டுபிடிச்சவை, கறுவாவும் ஆனைக்கொய்யாவும் ஒரே குடும்பம் எண்டது கனபேருக்குத் தெரியாது. அதின்ர வித்து தண்ணிக்குள்ள நீந்திப் போய் வேரில ஏறும், அதாலதான் தேங்கின தண்ணி எண்டால் அதுக்குக் கொண்டாட்டம், அதாலதான் சேறு நாறுற பையை வாங்காதேங்கோ எண்டனான். தொடக்கத்தில கண்டால் தண்ணியை நிப்பாட்டி, மேட்டைச் சுத்தி வாய்க்கால் வெட்டி வடிய விட்டு, வாடின கிளையைக் குறைச்சு, பொஸ்பொனேற் வகை மருந்து இருக்கா எண்டு உங்கட பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கோ, அளவும் அவரே சொல்லுவார். முழுக்கக் கறுத்திட்டுது எண்டால் பிடுங்குங்கோ, அதே இடத்தில திரும்பவும் ஆனைக்கொய்யா நடாதேங்கோ, அந்த மண்வெட்டியையும் கழுவாமல் மற்றக் கண்டுக்குக் கொண்டு போகாதேங்கோ.

பூச்சி பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை. மழைக்குள்ள நத்தை வந்து இளந்தளிரை வெட்டும், இரவில டோர்ச் அடிச்சுப் பொறுக்குங்கோ. வெள்ளை மாப்பூச்சி வந்தால் தண்ணியைப் பீச்சி அடிச்சாலே பாதி போம், மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்.

கட்டாக்காலி மாட்டுக்கும் ஆட்டுக்கும் சுத்திவர வலை அடியுங்கோ, அது கண்டைக் காப்பாத்த மாத்திரம் இல்லை, ஆட்டைக் காப்பாத்தவும்தான். ஆனைக்கொய்யா இலையில பேர்சின் எண்டு ஒரு நஞ்சு இருக்கு, பால் ஆடு தின்றால் மடி வீங்கிப் பால் வத்தும், கூடத் தின்றால் இருதயம் பாதிச்சுச் சாகவும் கூடும். முயலுக்கும், கூட்டுக்குள்ள வளர்க்கிற லவ் பேர்ட்ஸ் கிளியளுக்கும் இன்னும் ஆபத்து, அதுகளுக்குப் பழமும் குடுக்கக் கூடாது. எங்கட வீடுகளில எந்த மரத்தை வெட்டினாலும் குழையை ஆட்டுக்குத்தான் போடுவம், பலாவிலை மாதிரித் தளதள எண்டு இருக்கிறதால இதையும் தூக்கிப் போட்டிடுவினம், வீட்டில எல்லாருக்கும், வேலைக்கு வாற ஆக்களுக்கும் சொல்லி வையுங்கோ.

மூண்டு அடி வளந்த உடன நுனியை ஒருக்காக் கிள்ளி விட்டால் பக்கத்தால கிளைச்சுக் குடை மாதிரி வரும், கை எட்டுற உயரத்தில காய் பறிக்கலாம். ஒட்டுக்கண்டு சிலது ரெண்டாம் வருசமே பூத்துக் காட்டும், ஆசையா இருக்கும், ஆனால் கிள்ளி விடுங்கோ, அந்த வயசில ரெண்டு காயைத் தாங்கினால் அந்த வருசம் வளர்ச்சி நிண்டு போம். மூண்டாம் வருசத்துக்குப் பிறகு ஒண்டு ரெண்டை விடலாம்.

அதுக்குள்ள ரெண்டாவது மரத்தைப் பற்றியும் யோசிச்சு வையுங்கோ. இந்தப் பூ ஒவ்வொண்டும் ரெண்டு தரம் விரியும், முதல் விரியேக்க பெண், அடுத்த நாள் விரியேக்க ஆண். சில இனம் காலமை பெண்ணாவும் அடுத்த நாள் பின்னேரம் ஆணாவும் விரியும், சில இனம் அதுக்கு மறுவளமா. சிமண்ட்ஸ் முதல் வகை, பொலொக் ரெண்டாவது வகை, ரெண்டும் பக்கத்தில நிண்டால் தேனீ வேலையைச் செய்யும். ஒரு மரம் தனியாவும் காய்க்கும்தான், ரெண்டு எண்டால் கூடக் காய்க்கும். என்ர வளவில ரெண்டாவதுக்கு இடமில்லை, அதால பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு பொலொக் கண்டு வாங்கிக் குடுத்து, மதிலுக்கு அங்கால மேடும் நானே கட்டிக் குடுத்தன். மாமி முதல் நாளே அதுக்குப் பக்கத்தில சருகைக் கூட்டிக் கொளுத்தப் பாத்தா, ஓடிப்போய்த்தான் நிப்பாட்டினனான்.